அப்பாவின் குரலுக்கு மேல் பாட்டு

ஹேர்னிங், டென்மார்க்
2024 ஏப்ரல் 21

உதயன் மச்சானுக்கு,

வட்சப்பில் எழுதி எழுதி அழித்துவிட்டுக் கடைசியில் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறேன். போனில் எடுத்தால் நான் அழுவேன், நீ பகிடி விடுவாய், பிறகு இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவோம். அப்பாவின் செத்தவீட்டன்று அதுதான் நடந்தது. எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது.

அப்பாவின் முப்பத்தோராம் நாளும் முடிந்துவிட்டது. கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடக்கிறது, அதனால் வர முடியவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போல இருந்தது. அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுகிறார் இல்லை. எடுத்தால் "ஓம்", "இல்ல", "சாப்பிட்டன்" என்பதோடு சரி. வராததற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு விளங்கவில்லை.

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். கலியாணம் முடித்து இங்கே வந்த பிறகு அப்பாவுக்கு ஒரு வீடியோ கமரா வாங்கி அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? வவுணதீவில் மாடுகளுக்கெல்லாம் இனி மேக்கப் போட வேண்டும் என்று நீ கேலி செய்தாய். அதில் அப்பா எனக்காகப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். வயல் வட்டையில் வேளாண்மை, காவலுக்குப் போட்ட வாடிக் குடிசை, மாடு, வலையிறவுப் பாலம், அம்மா மீன் வெட்டுவது என்று எல்லாவற்றையும் பிடித்தார். மட்டக்களப்பு டவுனில் யாரிடமாவது கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி, இங்கே வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவார்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் அதில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பென்னைப் போட்டால் இந்த வகைக் கோப்பைத் திறக்க முடியாது என்று டீவி சொல்லும். கொம்பியூட்டரிலும் அதே கதைதான். யாரிடமாவது கேட்டிருக்கலாம். பாண் சுடுகிற ஃபக்டரியில் விடிய வேலை, பிள்ளைகள், குளிர். அடுத்த கிழமை பார்ப்போம் என்று மேசை லாச்சிக்குள் போட்டு வைத்தேன். வீடு மாறியபோது அந்தப் பழைய மேசையை லாச்சியோடு குப்பைக்குக் கொடுத்துவிட்டோம்.

அப்பா ஒவ்வொரு தரமும் போனில், "பாத்தியா மகள்?" என்று கேட்பார். "பாத்தன் அப்பா, நல்லாரிக்கு" என்று சொல்வேன். வருடக்கணக்காக இதையே சொல்லியிருக்கிறேன். நினைத்தால் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

கமரா அம்மாவின் அலுமாரியில் இருக்கும். அதை வாங்கி, உள்ளே இருப்பதை என் டீவியில் ஓடுகிற மாதிரி மாற்றி அனுப்புவாயா? ஊரில் கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ செய்கிற உனக்கு இது பெரிய வேலை இல்லை. இப்போதாவது அவர் பேசுவதைக் கேட்க வேண்டும், மச்சான்.

தனுஷா


வாழைச்சேனை
மே 4

என் ஒரேயொரு மச்சாளுக்கு,

மின்னஞ்சல் என்றால் எனக்கு வருவது கரண்ட் பில்லும், நைஜீரியாவில் இறந்துபோன பணக்காரரின் சொத்தும்தான். அதனால் நான் திறப்பதே இல்லை. உன்னுடையதும் ஒரு கிழமை கிடந்துதான் கண்ணில் பட்டது. ஏசாதே.

மே தின லீவன்று மோட்டார் சைக்கிளில் வவுணதீவுக்குப் போனேன். மாமி முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். நீ கமராவைக் கேட்கிறாய் என்று சொன்னதும் நெல்லைக் கூட்டுகிற தும்புத்தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவள்தான் எல்லாத்தையும் பாத்தவளே மனெ. இன்னும் என்னத்தப் பாக்கப் போறா?"

"பழைய கொப்பி துலைஞ்சித்தாம் மாமி" என்று சமாளித்தேன். அவர் உள்ளே போய்க் கமராவைக் கொண்டுவந்து தந்தார். அதைச் சீலைத் துண்டில் சுற்றி, மேலே ஒரு பொலித்தீன் பையும் போட்டு வைத்திருந்தார். மாமா தன் பொய்ப்பல்லுக்குக்கூட அவ்வளவு காவல் போட்டதில்லை.

உன் டீவியின் மேல் பிழை இல்லை. இந்தக் கமராக்கள் படத்தை எம்.டி.எஸ். என்று முடிகிற கோப்பாகப் பதிந்து வைக்கும், அதுவும் பெட்டிக்குள் பெட்டி என்று எங்கேயோ அடியில். கமராவை நேரே டீவியில் பூட்டினால் ஓடும், தனியே எடுத்துப் பென்னில் போட்டால் பாதி டீவிகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை எம்.பி.4 ஆக மாற்றினால் கைத்தொலைபேசி, டீவி எல்லாம் ஏற்கும். ஒரே மாவை இடியப்பம் பிழிவதா பிட்டு அவிப்பதா என்பது போலத்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. காட்சி நீளமாகப் போனால் கமரா அதைத் தன்பாட்டில் துண்டு துண்டாக வெட்டிவிடும். வசனத்தின் நடுவிலும் வெட்டும்.

எங்கள் கடை வழக்கம் உனக்குத் தெரியும்தானே. படத்தின் சொந்தச் சத்தத்தை எடுத்து எறிந்துவிட்டுப் பாட்டுப் போடுவோம். இல்லாவிட்டால் தாலி கட்டும் நேரம் பின்னால் யாரோ "சோறு காணாதாம், ஓடிப் போய்ச் சொல்லு" என்று கத்துவதுதான் காலத்துக்கும் கேட்கும். உன் படங்களில் கை வைக்க மாட்டேன். மாமா கத்தினாலும் கத்தட்டும்.

உதயன்


வாழைச்சேனை
மே 18

தனுஷா,

வேலை முடிந்தது. இணைப்பைக் கீழே போட்டிருக்கிறேன். இறக்கி எடுத்தால் டீவியில் ஓடும். வட்டைக் காற்று இரைச்சலாக இருந்தபடியால் பின்னால் பாட்டுப் போட வேண்டியதாயிற்று. மாமா படத்தில் தெளிவாக இருக்கிறார்.

கடையில் வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

உதயன்


ஹேர்னிங்
மே 20

மச்சான்,

பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு, முகம் கழுவி, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி டீவிக்கு முன்னால் இருந்தேன். அப்பா வந்தார். வரம்பில் நடந்து வந்து, கமராவுக்குக் கிட்டக் குனிந்து, சிரித்து, வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து புல்லாங்குழல் வந்தது.

முழுவதையும் அப்படியே பார்த்தேன். மாட்டைக் காட்டி ஏதோ சொல்கிறார், வயலின். அம்மா மீன் சட்டியோடு நின்று அவரை ஏசுகிறார், கலியாணப் பாட்டு. அம்மாவின் ஏச்சைக்கூட எனக்குத் தராமல் எடுத்துவிட்டாயே! கை வைக்க மாட்டேன் என்று நீ எழுதி மை காயவில்லை.

காற்று இரைச்சல் என்கிறாய். வீட்டுக் குசினிக்குள் என்ன காற்று? வாடிக்குள் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அமர்ந்து பேசுகிறாரே, அந்தக் காட்சியில் பின்னால் தொங்கும் சாரம்கூட அசையவில்லை.

என்ன நடந்தது என்று சொல்லு. நீ பகிடி விடாமல் எழுதிய கடிதத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது. பாட்டு வேண்டாம். அப்பாவின் சத்தத்தோடு திரும்ப அனுப்பு.

தனுஷா


வாழைச்சேனை
மே 25

தனுஷா,

ஏசு. நன்றாக ஏசு. எனக்கு அது வேண்டும்.

பிழை என்னுடையதுதான். கை பழக்கத்தில் போய்விட்டது. கலியாணச் சீசன், மேசையில் வேலை குவிந்து கிடந்தது. எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக அடுக்கி, சத்தத்தை அணைத்து, பாட்டை இழுத்துப் போட்டு, மாற்றுவதற்கு விட்டுவிட்டேன். முடிந்ததும் வழக்கம் போலக் கமராவின் மெமரி கார்டையும் துடைத்துவிட்டேன். பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் காற்று என்று எழுதினேன்.

மூலப்படம் இப்போது இல்லை. இருப்பது உன்னிடம் உள்ளதுதான். மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வருகிறதில்லை. இவ்வளவு காலம் கடை வைத்திருந்து சொந்த மாமாவின் படத்தில் இப்படிச் செய்துவிட்டேன். எல்லோரிடமும் சொல்லு, உதயனின் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லு. நான் கோபிக்க மாட்டேன்.

உதயன்


ஹேர்னிங்
ஜூன் 1

மச்சான்,

இரண்டு நாள் உன்னோடு பேசவே கூடாது என்று இருந்தேன். மூன்றாம் நாள் என் வேலையிடத்தில் ஒரு பையனிடம் விசாரித்தேன். கார்டைத் துடைத்தாலும் படம் உடனே அழிந்துபோகாதாம். அதற்கு மேல் புதிதாக எதுவும் பதியாமல் இருந்தால் மீட்டு எடுக்கலாமாம். ஓட்டமாவடியில் உன் கூட்டாளி ஷிஹான் அந்த வேலைதானே செய்கிறார்? கார்டை அப்படியே அவரிடம் கொடு. உனக்கு வெட்கம் என்றால் நானே அவருக்கு எழுதுகிறேன்.

அந்த வாடிக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாட்டை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்க்கிறேன். "மகள்" என்று சொல்வது மட்டும் பிடிபடுகிறது. பிறகு நெஞ்சில் கை வைத்து ஏதோ சொல்கிறார். ஒரு இடத்தில் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரிக் கமராவையே பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். நான் டீவிக்கு முன்னால் இருந்து "ஓம் அப்பா" என்கிறேன். என்னத்துக்கு ஓம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.

கார்டைக் கொடு, மச்சான். கெஞ்சிக் கேட்கிறேன்.

தனுஷா


வாழைச்சேனை
ஜூன் 8

தனுஷா,

அந்தக் கார்டில் பிறகு கல்குடாவில் ஒரு சாமத்திய வீடு எடுத்துவிட்டேன். நிறைந்துபோயிற்று. ஷிஹானுக்கு எழுத வேண்டாம், அவனாலும் ஏலாது.

இதை இத்தோடு விடு. முகம் இருக்கிறது, நடை இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. சத்தம் எல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. சிலது கேட்காமல் இருப்பது நல்லதுதான்.

உதயன்


ஹேர்னிங்
ஜூன் 15

உதயன்,

"சிலது கேட்காமல் இருப்பது நல்லது" என்று எழுதினாயே, அந்த இடத்தில் பிடிபட்டுவிட்டாய். கேட்காதவனுக்கு எது நல்லது என்று எப்படித் தெரியும்?

நேற்று அம்மாவுக்கு எடுத்தேன். வாடியில் இருந்து அப்பா கமராவில் என்ன பேசினார் என்று கேட்டேன். அம்மா ஒரேயடியாகக் கொட்டினார்.

"என்ன கேக்காய்? நீதானே பாத்தாய்? நீதானே பதிலும் சொன்னாய்? நெஞ்சில அடைப்பு, வெட்டணும் எண்டு டொக்டர்மார் சொன்னாங்க. இந்த மனிசன் ஒத்துக்கல்ல. மகளிட்ட வீடியோவில கேட்டிரிக்கன், அவள் சொல்றதுதான் முடிவு எண்டாரு. பொறகு உனக்கு போன் எடுத்தாரு. ஸ்பீக்கர்ல போட்டாரு, நான் பக்கத்திலதான் நிண்ட நான். 'பாத்தன் அப்பா, நீங்க சொன்ன மாதிரியே செய்யுங்க' எண்டு சொன்னாய். என்ட காதால கேட்டன். அதுக்குப் பொறகு அவர் கிளினிக் பக்கமே தலை வைக்கல்ல. குளிசை மருந்தோட இரிந்து செத்தாரு. இப்ப வந்து என்னத்தப் பேசினார் எண்டு கேக்காய்!"

அந்தப் போன் எனக்கு நினைவிருக்கிறது, உதயன். இரண்டு வருடத்துக்கு முந்தி. மா பிசையும் மெசின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கையுறை போட்ட கையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். சுப்பவைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னவோ கேட்டார். வயலில் என்ன விதைப்பது, இல்லாவிட்டால் மாட்டை விற்பதா என்பது மாதிரி ஏதோ என்று நினைத்தேன். சீக்கிரம் வைத்துவிட வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். நெஞ்சு வருத்தம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "கொஞ்சம் களைப்பு, குளிசை தந்திரிக்காங்க" என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்று அம்மா நினைத்திருக்கிறார், ஏனென்றால் நான்தான் எல்லா வீடியோவும் பார்க்கிறவளாயிற்றே.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நான் அப்பாவைக் கொன்றுவிட்டேனா? நீ அதைக் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். இனிப் பொய் எழுதினால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன்.

தனுஷா


வாழைச்சேனை
ஜூன் 16

மச்சாள்,

கார்டு துடைக்கப்படவில்லை. கல்குடாவில் சாமத்திய வீடும் இல்லை. எல்லாம் என் லாச்சியில் பத்திரமாக இருக்கிறது. எல்லாவற்றையும் அதனதன் சத்தத்தோடு மாற்றி, இதோ இணைப்பில் போட்டிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கடையில் நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். உன்னுடையவற்றை மாற்றும்போது, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க இடையில் ஒன்றை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன். அது வாடிக் காட்சி. மாமா நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இருந்து சொல்கிறார்: "டொக்டர்மார் நெஞ்சத் திறக்கணும் எண்டு நிக்காங்க மகள். எனக்கு விருப்பமில்ல. மருந்தோட இரிந்து பாப்பம் எண்டு யோசிக்கன். அம்மா விடுறா இல்ல. நீ சொல்லு. வெட்டுங்க எண்டா வெட்டுறன், வேணாம் எண்டா விடுறன்." அதற்குப் பிறகு கமரா துண்டாக்கிவிட்டது. அடுத்த துண்டும் இருக்கிறது. அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்பீக்கரின் வயரையே பிடுங்கிவிட்டேன்.

நீ ஓம் சொன்னாய் என்று மாமா அப்போதே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். "மகளே சொல்லித்தாள், இனி ஆர் என்ன சொல்ற?" என்று என்னிடமும் சொன்னார். உன்னிடம் கேட்டுத்தான் முடிவு எடுத்திருக்கிறார் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். செத்தவீட்டில் மாமி உன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தபோதும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீ ஒன்றையும் பார்க்கவில்லை என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தத் துண்டைக் கேட்டதும் நீ பார்க்காததும் நீ சொன்ன ஓமும் ஒன்றோடொன்று வந்து இடித்தன. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

என்ன செய்திருக்க வேண்டும், சொல்லு? உனக்கு அதை அப்படியே அனுப்பியிருக்க வேண்டுமா? அந்த ஒன்றை மட்டும் ஊமையாக்கினால் நீ சந்தேகப்படுவாய். அதனால் எல்லாவற்றையும் ஊமையாக்கிப் பாட்டுப் போட்டேன். நீ என்னை ஏசிக்கொண்டிருந்தால் உன்னை ஏசிக்கொள்ள மாட்டாய் என்று நினைத்தேன். அவருடைய குரலை உன்னிடமிருந்து பறித்துவிட்டேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் நீ அழுதபோது, லாச்சியைத் திறந்து கார்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினேன்.

நீ கொல்லவில்லை. இதை எழுதுவது உதவாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். தனியாக இருந்து கேட்காதே. உன் புருசனைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உதயன்


ஹேர்னிங்
ஜூன் 23

மச்சான்,

தனியாகத்தான் கேட்டேன்.

முதல் துண்டில் அப்பாவின் சத்தம் வந்ததும் என்ன சொல்கிறார் என்றே காதில் ஏறவில்லை. தொண்டையைச் செருமுகிறார் பார், அதற்கே அழுதேன். திரும்பப் போட்டுத்தான் சொல் விளங்கியது. நீ எழுதிய மாதிரியே கேட்கிறார். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் ஆயுள் முழுக்க நான் அந்த இடத்திலேயே நின்றிருப்பேன்.

நீ கேட்காத துண்டை உனக்கு எழுதுகிறேன். சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதை மனப்பாடம் செய்துவிட்டேன்.

"உனக்கு இதுகள் திறக்கிறல்ல எண்டு எனக்குத் தெரியும் மகள். மார்கழி வெள்ளத்தில வட்டை முழுக்க அழிஞ்சி கிடந்ததப் படம் எடுத்து அனுப்பினன். பாத்தன் அப்பா, நல்லாரிக்கு எண்டு சொன்னாய். அண்டைக்கே விளங்கித்து. கோவமில்ல. உனக்கு அங்க ஆயிரம் வேலை. அதாலதான் இத உன்னட்டக் கேக்கன். பாக்கிற ஆளிட்டக் கேட்டா வெட்டச் சொல்லும். நீ ஓம் எண்டு மட்டும்தான் சொல்லுவாய். எனக்கு அது காணும்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். வாடிக்கு வெளியில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறார்.

"எனக்குப் பயமாரிக்கு மகள். இத அம்மாட்டச் சொல்லேலாது, அவ உடைஞ்சி போவா. உதயன்டச் சொன்னா சிரிப்பான். உன்னட்டச் சொல்லலாம். உனக்குத்தான் திறக்காதே."

சிரித்துக்கொண்டே எழும்பி வந்து கமராவை அணைக்கிறார். அவ்வளவுதான்.

நான் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை நம்பவே இல்லை, மச்சான். நான் பார்க்க மாட்டேன் என்பதைத்தான் நம்பியிருக்கிறார். பயம் என்று சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. காது கேட்காத ஆளாகப் பார்த்து என்னைப் பிடித்திருக்கிறார். ஒரேயொரு தரம் நான் இதைத் திறந்து பார்த்திருந்தால், அன்றைக்கே போன் எடுத்து, "அப்பா, பயப்படாதீங்க, நான் வாறன்" என்று சொல்லியிருப்பேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொன்றேனா இல்லையா என்பது இப்போது எனக்கு இரண்டாவது கேள்வியாகிவிட்டது.

நான் ஆவணியில் வருகிறேன். கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. அதற்கு முன் நீ ஒன்று செய்ய வேண்டும். அந்த இரண்டு துண்டையும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. பாட்டு வேண்டாம். நான் ஒரு நாளும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லு. அப்பா அம்மாவுக்கு மறைத்தார், நான் அப்பாவுக்கு மறைத்தேன், நீ எனக்கு மறைத்தாய். எல்லோரும் மறைத்து மறைத்து, கடைசியில் அம்மாதான் ஒன்றும் தெரியாமல் தனியாக இருக்கிறார். நான் நேரில் வந்து சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். அவர் முகத்தைக் கண்டதும் இன்னொரு பொய் சொல்லிவிடுவேன்.

அம்மா கதவைச் சாத்தினால் சாத்தட்டும். நீ பக்கத்தில் இரு.

தனுஷா


வாழைச்சேனை
ஜூலை 1

மச்சாளுக்கு,

நேற்றுப் பின்னேரம் லப்டொப்பைக் கொண்டுபோனேன். வழியில் இரண்டு இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். வலையிறவுப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த ஒருவர் மீன் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராமல் வாங்கிக்கொண்டு போனேன். மாமிக்கு மீனைக் கொடுத்துவிட்டு விசயத்தைச் சொன்னேன். நீ ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னதும் அவர் முகம் மாறவில்லை. "போடு" என்றார்.

முதல் துண்டு முடியும் வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். இரண்டாவது துண்டில் "அம்மாட்டச் சொல்லேலாது" என்று மாமா சொன்னதும் எழும்பிவிட்டார்.

"ஏன் சொல்லேலாது? நான் என்ன உங்களத் திண்டுருவனா? இவ்வளவு காலம் உங்களோட சீவிச்ச எனக்குச் சொல்லேலாது, அந்தக் கறுத்த பெட்டிக்குச் சொல்ல ஏலுமோ?"

லப்டொப்பைப் பார்த்துத்தான் ஏசினார். நான் அணைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். உதயன் சிரிப்பான் என்கிற இடம் திரும்ப வந்தபோது நான் முற்றத்துக்குப் போய்விட்டேன். அந்த மனிதர் என்னோடு கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் நான் பகிடி விட்டுக்கொண்டே போவேன், அவருக்குப் பயம் தெளியட்டும் என்று. அதனால்தான் என்னிடம் சொல்ல முடியாமல் போயிருக்கிறது. அதை நான் இனி யாரிடம் போய்ச் சொல்வது?

இருட்டுப்படும் நேரம் மாமி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். சீனி போட மறந்துபோனார். நான் அப்படியே குடித்தேன். என் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கும் பயம்தான் மனெ. மேசையில போட்டு நெஞ்சப் பிளந்தா எழும்பி வருவாரோ எண்டு. வெளியில செய்யணும் செய்யணும் எண்டு நிண்டன். உள்ளுக்குள்ள வேணாம் எண்டு கும்பிட்டன். அவள் போன்ல ஓம் எண்டு சொன்ன உடனே எனக்கு எவ்வளவு நிம்மதியா இரிந்தது தெரியுமா? ஒரு சொல்லு எதிர்த்துச் சொன்னனா நான்? முடிவ அவள்ட பேர்ல போட்டுத்து நான் நல்லா நித்திர கொண்டன். அவர் போன பொறகு ஆரையாவது ஏசணுமே. அவளத்தான் ஏசினன்."

பிறகு உன் நம்பரை அழுத்தித் தரச் சொன்னார். இதை உன்னிடம் தானே சொல்ல வேண்டுமாம். எடுத்தோம், நீ எடுக்கவில்லை. வேலையில் இருந்திருப்பாய். அங்கே என்ன நேரம், எப்போது வேலை முடியும் என்றெல்லாம் என்னிடம் கேட்டு வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நாளைக்கு எடுப்பார்.

எடுத்தால் வழக்கம் போல "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதே. மெசினை நிறுத்து, சுப்பவைசர் பார்த்தால் பார்க்கட்டும், வெளியே வந்து நின்று கேள். அவர் கன நேரம் பேசுவார், தனுஷா. எல்லாவற்றையும் கேள்.

உதயன்